இளவரசனுக்குச் சொல்லாத செய்தி

சாவுச் செய்தியை மீன் போல ஃபிரீசரில் வைக்கலாம் என்று நான் நம்பினேன். மூன்று நாள் கெடாது. சனிக்கிழமை முடிந்ததும் வெளியே எடுத்து, மெல்ல இளகவிட்டு, மகளுக்குப் பக்குவமாகப் பரிமாறிவிடலாம். ஐம்பத்துநான்கு வயதில், நல்ல சுயநினைவோடு, கியூபெக்கின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில், கையில் கார்க் கண்ணாடி சுரண்டும் தகட்டோடு நின்றுகொண்டு இதை நம்பினேன்.

அன்று புதன்கிழமை. மார்ச் மாதத்து உறைமழை காரைக் கண்ணாடிக் கூடாக்கி வைத்திருந்தது. காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, அக்கா போட்டா."

"எங்கை? கோயிலுக்கோ?" என்று கேட்டேன். நக்கலுக்குக் கேட்கவில்லை. அக்கா அங்கே போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் எங்கேயாவது போய்க்கொண்டுதான் இருந்தார். தங்கச்சி அழுதபோதுதான் விளங்கியது. பின்னேரம் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு இருந்தவராம். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், அப்படியே.

மற்றவர்கள் இந்த இடத்தில் அழுவார்கள். நான் மேல்மாடி யன்னலைப் பார்த்தேன். உள்ளே மகள் குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். காலையில் முதலில் உதட்டைப் படபடவென்று அடித்து, பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மெல்ல மேலே ஏறும். சனிக்கிழமை அவளுடைய ஓபரா. அவள்தான் இளவரசன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டவுன்டவுனில் ஓர் இசைக் கல்லூரியில் மகளுக்குக் கடைசி வருடம். மாணவர்கள் சேர்ந்து ஒரு பழைய பிரெஞ்சு ஓபராவைப் போடுகிறார்கள். கதை உலகத்துக்கே தெரிந்தது: தாயில்லாப் பெண், சிறிய தாயின் கொடுமை, அடுப்படிச் சாம்பல், தேவதை, நடு இரவுக்குள் திரும்ப வேண்டிய விருந்து, கழன்று விழுந்த கண்ணாடிச் செருப்பு. இந்த ஓபராவை எழுதியவர் இளவரசன் பாட்டைப் பெண் குரலுக்கே எழுதிவிட்டாராம். அதனால் என் மகளுக்கு நீலக் கோட்டும் முழங்கால் வரை சப்பாத்தும். நான் இதை லவாலில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனான அண்ணையிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஆறு வருசம் படிச்சுப்போட்டு ஆம்பிளை வேசமோ? மீசை வைப்பினமோ?" என்றார்.

"மீசை இல்லை. இளவரசன் இன்னும் வயசுக்கு வரேல்லை," என்றேன்.

சங்க விழாக்களில் ஒலிவாங்கி பிடிப்பவன் நான். பாட்டுக்கும் நடனத்துக்கும் இடையில் சனத்தைச் சிரிக்கவைப்பது என் வேலை. கூலி ஒரு வடையும் தேநீரும். என் வாயிலிருந்து வருகிற எதையும் யாரும் முழுதாக நம்புவதில்லை. அந்த மூன்று நாளும் அது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது.

அக்கா என் மகளுக்கு மாமி. ஆனால் பிள்ளையை வளர்த்தது அவர்தான். நான் ரொட்டித் தொழிற்சாலையில், மனைவி மருத்துவமனைச் சலவையில்; இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். கல்யாணம் கட்டாத அக்காவைக் கூப்பிட்டோம். வந்து பதினெட்டு வருடம் எங்களோடு இருந்தார். பிள்ளையைக் காலையில் பள்ளி பஸ்ஸில் ஏற்றியதும் பின்னேரம் இறக்கியதும் அவர். பிரெஞ்சில் அவருக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டு சொல்தான். ஆனால் மகள் பாடப் பழகிய நாளிலிருந்து பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்து கேட்டதால், எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று மகளுடைய வாத்தியாருக்குச் சமமாகத் தெரியும்.

முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாதென்று, போன நவம்பரில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். ஏப்ரல் கடைசியில் திரும்ப டிக்கெட். ஓபரா மார்ச்சில் என்று பிறகுதான் தெரிந்தது. "நேரை பாக்காட்டி என்ன, காது இருக்குத்தானே. ஒவ்வொரு நாளும் பாடி அனுப்பு பிள்ளை," என்றார். மகளும் ஒவ்வொரு பின்னேரமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவாள். மறுநாள் காலையில் பதில் இருக்கும்: "கேட்டன் பிள்ளை. ரெண்டாந்தரம் மூச்சு எடுக்கேக்கை அவசரப்பட்டிட்டாய். நெஞ்சுக்கு எண்ணெய் பூசு." எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசியில் எண்ணெய் வந்துவிடும்.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குச் சோதனை நடந்தால் வீட்டில் ஒருவரும் சாகக்கூடாது. செத்தாலும், சோதனை முடியும் வரை உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு உயர்தரப் பரீட்சை நடந்தபோது சித்தப்பா எட்டு நாள் இப்படி உயிரோடு இருந்தார். நான் கொழும்பில் விடுதியில். கடிதம் போகாமல், தந்தி போகாமல் பார்த்துக்கொண்டவர் அக்கா. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவும் முடிந்து, வாடகைக் கதிரைகளையும் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பாதுகாப்பாக வைத்திருந்தும் நான் பெயில்.

அந்தப் பெயிலை நான் நினைத்திருக்க வேண்டும். நினைத்தது பாதுகாப்பை மட்டும்.

உள்ளே போய் மனைவியைச் சலவை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். கையை எடுத்ததும் முதலில் சொன்னது, "பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"சனிக்கிழமை முடியட்டும்."

"அது சோதினைக்கு. இது பாட்டு. அவள் சின்னப்பிள்ளையும் இல்லை, இருபத்திமூண்டு வயசு."

"அழுதா குரல் போயிடும்."

"போனாப் போகட்டுமன். அவளை வளர்த்த மனிசியெல்லே? முகம் பாக்க வேண்டாமோ?"

"ஆறு வருசத்து உழைப்பு. எல்லா வாத்திமாரும் வந்து இருப்பினம். வெளியிலையிருந்தும் ஆக்கள் வருவினமாம், ஆரைத் தங்கடை மேடைக்கு எடுக்கலாம் எண்டு பாக்க. அக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

மனைவி உலர்த்தியை வெறுமையாகவே ஓடவிட்டாள், அழுகிற சத்தம் வெளியே கேளாமல் இருக்க. மூன்று நாளும் எங்கள் வீட்டில் உலர்த்தி ஓடிக்கொண்டே இருந்தது. உலர்த்த ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு நான் போர்க்கால அமைச்சர் ஆனேன். தங்கச்சியிடம் சொல்லி மரண அறிவித்தலை ஞாயிறு வரை நிறுத்தினேன். வீட்டு இணையத்தை இரண்டு தடவை பிடுங்கிவிட்டு, "பழுதாப் போச்சு, ஆள் வருவான்" என்றேன். இணையம் போனாலும் அவளுடைய கைபேசிக்குத் தனி இணைப்பு இருக்கிறதென்பது மூன்றாவது தடவை பிடுங்கப்போகும்போதுதான் நினைவு வந்தது. தெரிந்த பதினேழு வீடுகளுக்கு எடுத்து, "துக்கம் விசாரிக்க வரவேண்டாம், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு துக்கப்படுங்கோ" என்று கேட்டேன். பதினாறு பேர் கேட்டார்கள்.

பதினேழாவது, லவால் அண்ணை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சொந்தக்காரர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதில் அவர் உறுதியான ஆள். வியாழன் மத்தியானம் வீட்டுக்கு வரப் புறப்பட்டவரை, வழியில் டெபனர் என்கிற ஒரு மூலைக்கடையின் வாகனத் தரிப்பிடத்துக்குத் திருப்பிவிட்டேன். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் கறி. சூடான சட்டிகளை அவருடைய காரிலிருந்து என்னுடைய காருக்கு மாற்றினோம். நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

"டேய், இது செத்தவீடோ, கள்ளக்கடத்தலோ?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை."

"ஆருக்குக் கேக்கும்? இவனுக்கோ?" என்று கடை வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரனைக் காட்டினார். பிறகு சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென அழுதார். "நான் வந்த புதுசிலை எனக்கு ஆறு மாசம் சோறு போட்டவ." அவர் அழுது முடியும் வரை நான் சொதிச் சட்டியை இரு கையாலும் பிடித்தபடி நின்றேன். எனக்கு முறை வரவில்லை.

மேசையில் மூன்றாவது வேளையும் மரக்கறியைப் பார்த்து மகள், "என்னப்பா, மீன் இல்லையே?" என்றாள்.

"இளவரசனுக்கு மரக்கறிதான் நல்லது. குரல் வழவழப்பா வரும்."

சிரித்தாள். சிரித்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தாள். "மாமி இன்னும் கேக்கேல்லை. நேற்று அனுப்பினது அப்பிடியே கிடக்கு."

"அங்கை கரன்ட் இல்லையாம்."

"அவவுக்குச் சுகமில்லையோ? எடுத்துப் பாக்கட்டே?"

இப்போது பொய்யனின் கெட்டித்தனம் வெளிப்பட்டது. எடுக்க வேண்டாம், அங்கே இப்போது நித்திரை என்று சொல்லிவிட்டு, கராஜுக்குள் போய்த் தங்கச்சிக்கு எடுத்தேன். அக்காவின் கைபேசியிலிருந்து பிள்ளைக்கு ஏதாவது ஒன்று அனுப்பச் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? அவ அங்கை முன் ஹோலிலை கிடக்கிறா. நான் அவவின்ரை ஃபோனிலையிருந்து என்னெண்டு அனுப்புறது?"

"ஒண்டும் எழுத வேண்டாம். ஒரு கும்பிடு மட்டும். அந்தக் கைப் படம்."

"நான் செய்யமாட்டன்."

"பிள்ளைக்காகச் செய்."

பின்னாலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பைத் துண்டித்தாள். பத்து நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து மகளின் குரல்: "அப்பா! மாமி கும்பிடு போட்டிருக்கிறா! அவவுக்கு இதெல்லாம் போடத் தெரியுமே?"

"ஊரிலை சின்னப் பிள்ளையள் பழக்கியிருப்பினம்," என்று கீழே இருந்து கத்தினேன்.

வெள்ளிக்கிழமை எரிப்பு. அங்கே பின்னேரம் மூன்று மணிக்குக் கிரியை. இங்கே விடியற்காலை ஐந்தரை. தங்கச்சி நேரலைக்கு ஆள் பிடித்திருந்தாள். வீட்டுக்குள் பார்க்கப் பயந்து, டிரைவ்வேயில் காருக்குள் இருந்து, சூடாக்கியைப் போட்டு, கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்துப் பார்த்தேன். மனைவி, பிள்ளை எழும்பினால் சமாளிக்க உள்ளே நின்றாள். அக்காவுக்கு வெளிர் பச்சைச் சேலை. மூக்கில் பஞ்சு. முகம் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் சுருங்கி இருந்தது. பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். கமெராக்காரன் ஒரே இடத்தில் அசையாமல் நின்றதால், ஒரு மணித்தியாலமும் அந்த முகம் திரை நிறைய இருந்தது.

யன்னலில் யாரோ தட்டினார்கள்.

மகள். உடுப்புக்கு மேலே என்னுடைய குளிர்க் கோட்டு, காலில் தாயின் சப்பாத்து. கார் இயங்குகிற சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். மனைவி படியில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்: என்னால் முடியவில்லை.

கைபேசியைத் தொடையில் கவிழ்த்துவிட்டு யன்னலைப் பாதி இறக்கினேன்.

"என்னப்பா இஞ்சை இருந்து பாக்கிறியள்?"

"பகிடி," என்றேன். "ஒரு பகிடிக்காரன். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணெல்லாம் தண்ணி."

"எனக்கும் காட்டுங்கோவன்."

"நீ சிரிச்சாத் தொண்டை போயிடும். உள்ளை போ, குளிர்."

தொடையில் கவிழ்ந்த கைபேசியிலிருந்து தேவாரம் மெல்லக் கேட்டது. அவள் காது கூர்மையானது, தலையைச் சாய்த்தாள். நான் ரேடியோவைப் போட்டேன். வானிலை. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு பெரிய சப்பாத்தை இழுத்து இழுத்துத் திரும்பிப் போனாள். நான் கைபேசியை நிமிர்த்தியபோது பெட்டியை மூடியிருந்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே போனார்கள். பெண்கள் படலையோடு நின்றார்கள்.

சனிக்கிழமை. சாவுத் துடக்கோடு பாட்டுக் கச்சேரிக்குப் போவதா என்று மனைவி கேட்கவில்லை. கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். ஓபராவுக்குக் கறுப்புத்தானே எல்லாரும் உடுப்பது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கியூபெக் கிழவி. யாருடைய பெற்றோர் என்று பிரெஞ்சில் கேட்டார். நான் இளவரசனின் அப்பா என்றேன். "அப்படியென்றால் நீங்கள் அரசர்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கதையில் அந்தப் பெண்ணுடைய தகப்பன் சாகவில்லை, உயிரோடு இருக்கிறான். பெண்சாதிக்குப் பயந்த, நல்ல மனம் கொண்ட, ஒன்றுக்கும் உதவாத மனிதன். சனம் அவனைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். மேடைக்கு மேலே சொற்கள் எழுத்தில் ஓடின. பாதியைப் பிரெஞ்சிலும் மீதியை ஆங்கிலத்திலும் பொறுக்கிக்கொண்டேன். மூன்றாவது பகுதியில் ஒரு காடு. தேவதை ஒரு பூ வேலியை எழுப்பிவிட, அதற்கு இந்தப் பக்கம் இளவரசன், அந்தப் பக்கம் அவள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல் மட்டும் கேட்கும். மகள் அக்காவுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிய பாட்டு இதுதான். யார் நீ, உன் குரல் கேட்கிறது, உன்னைக் காணவில்லை என்று வேலியைத் தடவித் தடவிப் பாடினாள். இரண்டாம் தடவை மூச்சை அவசரப்படாமல் எடுத்தாள்.

மனைவி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். நான் அழுதேன், கடைசியில். கிழவி கைப்பையிலிருந்து கடதாசி எடுத்துத் தந்து, அழகாக இருக்கிறது, இல்லையா என்றார். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன்.

கடைசிப் பகுதியில் அந்தத் தகப்பன், காய்ச்சலில் இருந்து எழும்பிய மகளிடம், நீ சொல்கிற விருந்தும் இளவரசனும் உண்மையில்லை, எல்லாம் கனவு என்று பாசத்தோடு பாடுகிறான். அவள் பாவம், நம்புகிறாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. வெளியே கூடத்தில் மகள் நீலக் கோட்டோடு ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் வியர்வை, பூச்சு. அவளுடைய வாத்தியார் பின்னாலேயே வந்து, இன்றைக்குப் பாடியது வேறு ஆள், இவள் இப்படிப் பாடி நான் கேட்டதேயில்லை என்று எங்களிடம் சொன்னார்.

"அப்பா, மாமிக்குக் களவாய் எண்டாலும் கொஞ்சம் பதிஞ்சியளே?"

"விடமாட்டினம் பிள்ளை."

"பரவாயில்லை. நாளைக்கு எடுத்துப் பாடிக் காட்டுறன்."

ஞாயிறு மதியம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று இரவு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். விழா மேடையில் சொல்வது போல மூன்று விதமான தொடக்கம் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "பிள்ளை, மாமி செத்துப்போனா," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பகிடியின் மீதி வரும் என்று. தாயின் முகத்தைப் பார்த்தபிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

"புதன்."

"புதனோ?" என்றாள். "எரிச்சாச்சோ?"

"வெள்ளிக்கிழமை."

"எத்தினை மணிக்கு?"

"இஞ்சத்தை நேரம் காலமை ஆறரை."

அவள் விரல் மேசையில் எதையோ எண்ணியது. "காருக்குள்ளை," என்றாள். கேள்வி போல இல்லை. நான் தலையாட்டினேன். "நான் காட்டுங்கோ எண்டு கேட்டனான்."

"உன்ரை குரல்..." என்று தொடங்கினேன்.

"அந்தக் கும்பிடு ஆர் போட்டது?"

மனைவி எழும்பிப் போய்க் குசினி அடுப்பருகே நின்றாள். நான்தான் போடச் சொன்னேன் என்றேன். மகள் அழவில்லை. தன் கைபேசியை எடுத்து அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி எனக்குப் பொய் சொன்னதே இல்லை, அப்பா," என்றாள். "இப்ப இதுதான் அவ எனக்கு அனுப்பின கடைசி."

அக்கா புதன்கிழமை பின்னேரம் மாரடைப்பால் இறந்தார். வெள்ளிக்கிழமை எரித்தார்கள். மகள் முகம் பார்க்கவில்லை. கிரியையின் பதிவை அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் முதலாம் திகதி, ஒரு சிநேகிதியோடு டவுன்டவுனில் அறை எடுத்துப் போய்விட்டாள்.